ஒன்பது அங்குலம்

திருவண்ணாமலையில் இருக்கும் என் அக்காவுக்கு இப்போது 76 வயது. இத்தனை ஆண்டுகளில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம், "உனக்கு என்ன வேண்டும், அக்கா?" என்று நான் கேட்பதுண்டு. "நீ வந்ததே போதும், தம்பி" என்பாள். அந்தப் பதில் எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சென்ற தடவை போனபோது அவளாகவே கேட்டாள்.

"முழங்கால் முன்னே மாதிரி இல்லே, தம்பி. பாயிலேருந்து எழுந்திருக்கறதுக்குள்ளே போதும் போதும்னு ஆயிடுது. சுவரைப் பிடிச்சு, கையை ஊணி, அதுக்கே ஒரு யுகம் ஆவுது. எனக்கு ஒரு கட்டில் செஞ்சு கொடு."

கேட்க மாட்டாளா என்று காத்திருந்தவனைப்போல் சந்தோஷத்துடன் தலையாட்டினேன். மறுநாளே கடைத்தெருவுக்குப் போய் இரும்புக் கட்டில்களை விலை விசாரித்துக்கொண்டு வந்தேன். கரையான் அரிக்காது, மூட்டைப்பூச்சி சேராது, இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு வீட்டில் வந்து இறங்கிவிடும். வயதான காலத்தில் வேறென்ன வேண்டும்?

அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இரும்பு வேண்டாம், மரத்திலே செய். நாலு காலும் கடைசல் பிடிச்சிருக்கணும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போர்வையை விரித்துவிட்டால் கால் எங்கே தெரியப்போகிறது, அக்கா? கடைசல் பிடித்திருந்தால் என்ன, வெறும் கட்டையாக இருந்தால் என்ன? யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

இந்த இரண்டு சொற்கள் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. படுத்துப் புரண்டுகொண்டே யோசித்தேன். ஒரு பொருள் நமக்குப் பயன்பட்டால் போதாதா? பயனுக்கு மேலே அதனிடம் அழகையும் கேட்பது ஆசையா, உரிமையா? அதிலும் வயது 76 ஆன ஒரு கிழவி, இனி எத்தனை ஆண்டு படுக்கப்போகிறாளோ தெரியாத ஒரு கட்டிலுக்கு, யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் வேலைப்பாடு வேண்டும் என்று கேட்டால் அதை என்னவென்று சொல்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், வேறொரு கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு 1968ஆம் ஆண்டு தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. எங்கள் ஊர் செங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். ரொக்கமாக ஒன்றும் கேட்கவில்லை. "பெண்ணுக்குச் செய்கிறதை உங்கள் மனம்போலச் செய்யுங்கள், ஆனால் கட்டில் மட்டும் கடைசல் கட்டிலாக இருக்கட்டும், நாலு பேர் பார்ப்பார்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்கள். அப்பா கடன் வாங்கினார். எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே ஆசாரி உட்கார்ந்து பதினைந்து நாள் வேலை செய்தார். அக்கா கதவு இடுக்கு வழியாக அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பதினான்கு வயதுப் பையனான நான் மரச்சுருள்களைப் பொறுக்கிக் காதில் மாட்டிக்கொண்டு திரிவேன். வேலை முடிந்ததும், வைக்கோல் பரப்பிய கட்டை வண்டியில் கட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாலு கால்களிலும் பழந்துணியைச் சுற்றி, திருவண்ணாமலைக்கு அனுப்பி வைத்தோம்.

அந்த ஆண்டு தீபாவளிச் சீர் கொண்டுகொண்டு நான் அக்கா வீட்டுக்குப் போனேன். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவன், சமையற்கட்டை ஒட்டிய நடையில் ஒரு பாயில் அவள் சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்தேன். கட்டில் எங்கே என்று பகலிலேயே பார்த்திருந்தேன். அது அவளுடைய மாமியாரின் அறையில் இருந்தது. வந்து இறங்கிய அன்றைக்கே அங்கே போய்விட்டதாம். அந்த அம்மாளுக்கு இடுப்பு வலி.

நான் ஊர் திரும்பியதும் அம்மா கேட்டாள்: "கட்டில் நல்லா இருக்காடா?"

"நல்லா இருக்கம்மா" என்றேன்.

அது பொய்யில்லை. கட்டில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லாமலே ஏமாற்றுவது எப்படி என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாமியார் காலமான பிறகு வீடு பாகம் பிரிந்தபோது, அந்தக் கட்டில் மைத்துனர் பங்கில் போய்விட்டது. அக்கா அதில் ஒரு நாளும் படுக்கவே இல்லை.

மாமியாரைக் கொடுமைக்காரியாக்கி இந்தக் கதையை முடித்துவிடலாம். எனக்கும் அது சுலபம். ஆனால் அந்த அம்மாளை நான் பார்த்திருக்கிறேன். வாழ்நாளெல்லாம் தரையில் படுத்தவள். மருமகள் கொண்டுவந்ததுதான் அவளுக்கும் முதல் கட்டிலாக இருந்திருக்கும். தனக்கு எவரும் கொடுக்காததைத் தன்னைவிட எளியவளிடமிருந்து எடுத்துக்கொள்வது, உலகத்தில் மிகவும் பழைய வழக்கம்.

வேடிக்கை என்னவென்றால், இதற்குச் சட்டமும் அப்போதே இருந்தது. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதில் ஒரு பிரிவு சொல்கிறது: தடையை மீறி வரதட்சிணை கொடுக்கப்பட்டுவிட்டாலும், யார் கையில் அது போய்ச் சேர்ந்திருந்தாலும், அந்தப் பொருள் பெண்ணுடையதே, குறித்த காலத்துக்குள் அவளிடம் அதை ஒப்படைத்துவிட வேண்டும். எவ்வளவு நியாயமான சட்டம்! ஆனால், "அத்தை, அது என் கட்டில்" என்று சொல்லும் தைரியத்தை எந்தச் சட்டம் ஒரு புது மருமகளுக்குக் கொடுக்க முடியும்? அவள் பிறந்த வீட்டுத் தம்பிக்கே அந்தத் தைரியம் வரவில்லையே!

கிரேக்க மகாகவி ஹோமரின் காவியத்தில் ஒரு கட்டில் வருகிறது. யுத்தத்துக்குப் போன ஒடிசியஸ் என்ற அரசன் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வீடு திரும்புகிறான். வந்திருப்பவன் தன் கணவன்தானா என்ற சந்தேகம் அவன் மனைவி பெனலோப்பிக்கு. அவனைச் சோதிப்பதற்காக, பள்ளியறைக் கட்டிலை வெளியே எடுத்துப் போடும்படி பணிப்பெண்ணிடம் சொல்கிறாள். ஒடிசியஸ் பொங்கி எழுகிறான். அந்தக் கட்டிலை எப்படி எடுத்துப் போட முடியும்? வேரோடு நின்ற ஒரு ஆலிவ் மரத்தைச் சுற்றி அந்த அறையை எழுப்பி, அந்த மரத்தையே ஒரு காலாகச் செதுக்கி, தன் கையாலேயே அவன் செய்த கட்டில் அல்லவா அது! இந்த இரகசியத்தைச் சொன்னதும் பெனலோப்பிக்குச் சந்தேகம் தீர்ந்துபோகிறது.

இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அக்காவின் கட்டில் நினைவுக்கு வரும். நாம் நம் பெண்களுக்குக் கொடுத்தனுப்பும் கட்டில்களுக்கு வேர் இல்லை. வண்டியிலிருந்து இறக்கியவர்கள் எந்த அறையில் வேண்டுமானாலும் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளலாம். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அக்காவுக்கு மிச்சமாக இருந்தது, கதவு இடுக்கில் பார்த்த அந்தக் கடைசல் காலின் ஞாபகம் ஒன்றுதான். அதைத்தான் இப்போது அவள் திருப்பிக் கேட்கிறாளோ என்று எனக்குத் தோன்றிற்று.

ஆனால், "அவளுக்கு அநியாயம் நடந்தது, ஆகவே கேட்டதைக் கொடு" என்பது இரக்கம், பதில் ஆகாது. அநியாயம் எதுவும் நடக்காத ஒருத்தி இதையே கேட்டிருந்தால்? என் கேள்வி அப்படியே நிற்கிறது.

அது எந்த ஊரில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். திருவண்ணாமலை, வேண்டாம் என்று உதறியவர்களின் ஊர். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி பதினாறு வயதுப் பையன் ஒருவன் ரயிலிலிருந்து இறங்கி இந்தக் கோயிலுக்குள் நுழைந்தான். ஆயிரங்கால் மண்டபத்தின் கீழே, வெளிச்சம் படாத பாதாள லிங்கக் குகையில், பூச்சிகள் உடம்பைக் கடித்துப் புண்ணாக்கியது தெரியாமல் வெறுந்தரையில் கிடந்தான். அவனைத்தான் பிற்காலத்தில் உலகம் ரமண மகரிஷி என்று வணங்கியது. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, வாழ்ந்து முடித்த வயதில், கட்டில் காலுக்குக் கடைசல் கேட்பது பொருத்தமா என்று ஒருவர் கேட்கலாம்.

ஆனால் அதே மகரிஷியை ஊர் தரையிலேயே விட்டுவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆசிரமத்தில் 1928ஆம் ஆண்டு எழுந்த பழைய கூடத்தில் ஒரு சோபா இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதுவே அவருடைய ஆசனம், அதுவே படுக்கை. 1949ஆம் ஆண்டில், அவர் சமாதியடைவதற்கு ஓர் ஆண்டுக்கு முன்னால், புதிய கூடத்தில் கல்லிலேயே ஓர் ஆசனத்தைச் செதுக்கி வைத்தார்கள். உடுத்தியிருந்த கோவணத்துக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளாதவர் அவர். கேட்டு வாங்கிக்கொண்டவர் அல்ல. கொடுத்தவர்களுக்குத்தான் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

அவ்வளவு ஏன்? நம்முடைய சிவன் கோயில்களில் அர்த்தசாமம் ஆனதும் என்ன நடக்கிறது? சுவாமியைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, வாத்தியங்களோடு பள்ளியறைக்கு அழைத்துப் போகிறார்கள். அம்பிகை அங்கே காத்திருக்கிறாள். பூவும் பாலும் வைத்து, பாட்டுப் பாடி, கதவைச் சாத்துகிறார்கள். அடிமுடி காணாத நெருப்புத் தூணாக நின்றவனுக்கு உறக்கம் ஏது? கட்டில் எதற்கு? ஊருக்கு இது தெரியாமலில்லை. தெரிந்தும், தினமும் படுக்கை விரிக்கிறது. தேவைக்கு மட்டுமே கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் தெய்வத்துக்குக் கொடுப்பதற்கு நம்மிடம் ஒன்றுமே இருக்காது. துறவு என்பது தனக்கு வேண்டாம் என்பது. பிறருக்கு வேண்டாம் என்று நான் முடிவு செய்தால் அதற்குத் துறவு என்று பெயரில்லை. கஞ்சத்தனம் என்று பெயர். இரும்புக் கட்டிலுக்கு விலை விசாரித்துவிட்டு வந்த எனக்கு இந்த இடத்தில் சற்று வெட்கமாக இருந்தது.

ஆசாரியைத் தேடிக்கொண்டு புறப்பட்டேன். மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ஒட்டுப்பலகையில் அலமாரி செய்துகொண்டிருந்தார். கடைசல் கால் வைத்த கட்டில் என்றதும் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்பல்லாம் யாரும் கேக்கறதில்லீங்களே!" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் அறையை அளக்கவில்லை. அக்காவை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். "பாதத்தைத் தரையிலே நல்லாப் பதிச்சு வையுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, எதிரில் குந்தி, முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரைக்கும் அளந்தார். 16 அங்குலம்.

"மெத்தை மூணு அங்குலம். உக்காந்தா ஒரு அங்குலம் அமுங்கும். அப்போ சட்டத்தோட மேல்மட்டம் பதினாலு வரணும். ஆனா அம்மாவுக்கு முழங்கால் வலி. இன்னும் ஒரு அங்குலம் தூக்கி வெச்சா எழுந்திருக்கச் சுலுவா இருக்கும். அதுக்கு மேலே போனா பாதம் தரையிலே பதியாது. பதினஞ்சு வெச்சுடலாம்" என்றார்.

எனக்கு வராகமிகிரரின் நினைவு வந்தது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தச் சோதிட மேதை தம்முடைய பிருகத் சம்ஹிதையில் கட்டிலுக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். இடி விழுந்த மரம், காற்றில் சாய்ந்த மரம், யானை முறித்த மரம், சுடுகாட்டு மரம், பறவைகள் கூடு கட்டியிருக்கும் மரம் இவற்றில் கட்டில் செய்யக் கூடாதாம். ஓர் உயிரின் வீட்டைக் கலைத்து நம் படுக்கையைச் செய்யாதே என்று அந்தக் கடைசி விதிக்கு நான் பொருள் செய்துகொள்கிறேன். ஆனால் அளவைச் சொல்ல வரும்போது அந்தப் பெரியவர் உடம்பைப் பார்க்கவில்லை, பதவியைப் பார்க்கிறார். அரசனுக்கு நூறு அங்குலம். இளவரசன், மந்திரி, சேனாபதி, புரோகிதர் என்று பதவி இறங்க இறங்கக் கட்டிலும் குறைகிறது. காலின் உயரம் கட்டிலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் காலத்து அங்குலம் நம்முடைய அங்குலத்தில் முக்கால் என்று வைத்துக்கொண்டால், அரசனுடைய கட்டில் கால் ஏறக்குறைய 25 அங்குலம் வரும். அரசன் குள்ளனாக இருந்தால் அவன் கால் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்! கட்டிலை அந்தஸ்துக்கு அளந்தவர் அவர். எங்கள் அப்பாவும் 1968இல், "நாலு பேர் பார்ப்பார்கள்" என்ற அளவுகோலை வைத்துக்கொண்டுதான் கட்டில் செய்தார். ஒருத்தியின் முழங்காலை அளந்து கட்டில் செய்த முதல் மனிதர், எங்கள் குடும்பத்தைப் பொறுத்தமட்டில், இந்தச் சந்துப் பட்டறை ஆசாரிதான்.

மரம், ஒரு பழைய வீட்டைப் பிரித்ததில் வந்த தேக்கு உத்திரம். பல ஆண்டுகள் கூரையைத் தாங்கி ஈரமெல்லாம் வற்றிப்போன மரம். இனி முறுக்காது, பிளக்காது என்றார் ஆசாரி. ஆணிகளைப் பிடுங்கி, வெள்ளைப்பட்டையை நீக்கி, வைரம் பாய்ந்த பகுதியில் நாலு கால்களுக்கு அறுத்து வைத்தார். கடைசல் பட்டறைக்கு எடுத்துப் போகுமுன் காலின் வடிவத்தை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டச் சொன்னேன்.

நான் ஏற்கெனவே மனத்தில் ஒரு படம் வைத்திருந்தேன். உச்சியிலிருந்து அடிவரைக்கும் உருண்டு, வளைந்து, மெலிந்து, ஒரே கொடியாக ஓடிவர வேண்டும் என்று ஆசை. கொடுப்பது என்று தீர்மானித்த பிறகு குறைவில்லாமல் கொடுக்க வேண்டாமா? ஆசாரி என் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"முடியாதுங்க. மேலே ஆறு அங்குலம் சதுரமாத்தான் இருக்கணும்."

"ஏன்?"

"அங்கேதாங்க ரெண்டு சட்டமும் வந்து சேருது. ஒண்ணு நீட்டுச் சட்டம், ஒண்ணு குறுக்குச் சட்டம். ரெண்டோட கழுந்தும் இந்தக் காலுக்குள்ளே ஏறணும். முகம் தட்டையா இருந்தாத்தான் சட்டத்தோட தோள் அதிலே முழுசாப் படியும். உருட்டிட்டா, ஒரு கோடு மாதிரிதான் தொட்டுக்கிட்டு நிக்கும். நாலு நாள் படுத்து எழுந்தா ஆட ஆரம்பிச்சுடும். ஆட ஆரம்பிச்ச கட்டில் நிக்காதுங்க. வர்ற இடத்திலே சதுரமா இருக்கணும். அதுக்குக் கீழே ஒன்பது அங்குலம் இருக்கு. அங்கே யாரும் வர்றதில்லே. அது கால் தனியா நிக்கிற இடம். அதை எப்படி வேணும்னாலும் கடைஞ்சுக்கலாம். கழுத்து மட்டும் ரெண்டு அங்குலத்துக்கு மெலியக் கூடாது."

நான் எத்தனையோ தத்துவப் புத்தகங்களைப் படித்திருக்கிறேன். பயனுக்கும் அழகுக்கும் உள்ள வழக்கை இவ்வளவு தெளிவாகத் தீர்த்துவைத்த தீர்ப்பை நான் எங்கும் படித்ததில்லை. பதினைந்து அங்குலக் காலில் ஆறு அங்குலம் மற்றவர்களுக்கு. அங்கே கோணம் பிசகாத சதுரம், நேர்மை, ஒழுங்கு. தன் இஷ்டத்துக்கு அங்கே வளைந்தால் தன்னை நம்பி வந்து சேர்ந்தவர்கள் ஆட்டம் காண்பார்கள். மீதி ஒன்பது அங்குலம் தனக்கு. அங்கே அழகு. ஆறையும் உருட்டிக்கொண்டு திரிகிறவன் சுயநலக்காரன். அவனோடு எந்தச் சட்டமும் பொருந்தாது. நாம் எல்லோரும் அவனைக் கண்டிக்கத் தவறுவதில்லை. ஆனால் ஒன்பதையும் சதுரமாகவே விட்டுவிடு என்று சொல்கிறோமே, அந்த அநியாயத்தை யார் கண்டித்தார்கள்?

என் அக்கா ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பதினைந்து அங்குலமும் சதுரமாகவே நின்றவள். மாமியாருக்கு ஒரு முகம், கணவருக்கு ஒரு முகம், பிள்ளைகளுக்கு ஒரு முகம், எங்களுக்கு ஒரு முகம். எந்தப் பக்கத்திலிருந்து எந்தச் சட்டம் வந்து பொருந்தினாலும் பிசகாமல் தாங்கினாள். "நீ வந்ததே போதும், தம்பி" என்பதும் அப்படி ஒரு சதுரம்தான். எனக்குப் பொருந்தும்படி அவள் தன்னைத் தட்டையாக்கிக்கொண்டாள். அவளைப் பொறுமைசாலி என்று உறவினர் எல்லோரும் புகழ்ந்தோம். அவளுக்கென்று ஒன்பது அங்குலம் உண்டா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இங்கே ஒரு தடை எழும். அழகான கட்டில் மனிதனுக்கு நிம்மதியைக் கொடுத்துவிடுமா என்று கேட்பீர்கள். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர் ஒரு கட்டிலை வருணிக்கிறார். நாற்பது வயது நிரம்பிப் போரில் பட்ட யானையின் தந்தத்தைக் கூரிய உளியால் செதுக்கி, இலைத்தொழில் இடையிட்டு, குடம்போலப் புடைத்து, அடியில் பூண்டுபோலத் திரண்ட கால்களை அமைத்த கட்டில். வராகமிகிரரும் கட்டில் காலின் புடைத்த பகுதிக்குக் கும்பம் என்றே பெயர் சொல்கிறார். வடமொழியானாலும் தமிழானாலும், கட்டில் காலில் ஒரு குடம் இருக்க வேண்டும் என்பதில் நம் நாட்டுத் தச்சர்களுக்கு அபிப்பிராய பேதமே இல்லை போலிருக்கிறது! அப்பேர்ப்பட்ட கட்டிலில் படுத்திருக்கும் பாண்டிமாதேவி தூங்கினாளா? இல்லை. அரசன் போர்ப் பாசறையில் இருக்கிறான். அவள் நகைகளைக் களைந்துவிட்டுக் கண்ணீரும் கையுமாகக் கிடக்கிறாள். அவனும் அங்கே தூங்கவில்லை. மழையும் காற்றுமான நள்ளிரவில், புண்பட்ட வீரர்களைப் பார்த்து ஆறுதல் சொல்லிக்கொண்டு நடக்கிறான்.

இதற்கு நேர்மாறாக, புறநானூற்றில் மோசிகீரனார் என்ற புலவர் நடந்து களைத்து வந்து, முரசு வைப்பதற்கென்று பூப்பரப்பி வைத்திருந்த கட்டிலில், அது என்னவென்று அறியாமலே ஏறிப் படுத்து நன்றாகத் தூங்கிவிட்டார். முரசு கட்டிலில் படுத்தவனை வாளால் வெட்டுவது அந்தக் காலத்து முறை. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளைப் பிரயோகிக்கவில்லை. பக்கத்தில் நின்று விசிறி வீசினான்.

ஆக, உறக்கம் கட்டிலில் இல்லை என்பது உண்மைதான். உறக்கத்தை எந்தத் தச்சனாலும் செய்து கொடுக்க முடியாது. ஆனால் பாண்டிமாதேவிக்கு உறக்கம் வராததற்குக் கட்டிலின் அழகு காரணமில்லை. பக்கத்தில் இருக்க வேண்டியவன் இல்லாததுதான் காரணம். மோசிகீரனார் உறங்கியதற்கும் அந்தக் கட்டில் மட்டும் காரணமில்லை. வெட்டலாம் என்று சட்டம் சொன்ன இடத்தில், களைத்து வந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் காற்று வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றியதே, அதுதான் காரணம். தலையை வெட்டாமல் விட்டிருந்தாலே போதும், நீதி நிறைவேறியிருக்கும். விசிறியது நீதிக்கும் தேவைக்கும் மேற்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தச் சேரனை நாம் மறக்காமல் இருப்பது, அவன் விசிறியதற்காகத்தான். கட்டிலில் ஆறு அங்குலம் நீதி என்றால் மீதி ஒன்பது அங்குலம் அந்த விசிறி.

கட்டில் தயாராக இருபது நாள் பிடித்தது. நாலு கால்களையும் நிறுத்தி, கழுந்துகளை இறக்கி, ஆப்பு அடித்து முடித்ததும் ஆசாரி அக்காவைக் கூப்பிட்டார். "அம்மா, ஒண்ணே ஒண்ணு. இதை எந்தக் காலத்திலேயும் இழுக்காதீங்க. மேலே எத்தனை பாரம் வெச்சாலும் கால் தாங்கும். மரம் நிமிர்ந்து நிக்குது பாருங்க. ஆனா பக்கவாட்டிலே இழுத்தா முறிஞ்சுடும். இடம் மாத்தணும்னா நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லுங்க."

"இனிமே இதை யாரு இடம் மாத்தப் போறாங்க, ஆசாரியாரே?" என்று சொல்லி அக்கா சிரித்தாள்.

அன்று இரவு நானும் அங்கேயே தங்கினேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, "நன்றாகத் தூங்கினாயா, அக்கா?" என்று கேட்டேன்.

"தூக்கமே வரலே, தம்பி" என்றாள்.

எனக்குச் சொரேல் என்றது. உயரம் சரியில்லையா? மெத்தை கெட்டியாக இருக்கிறதா? ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன். அக்கா கையமர்த்தினாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லே. விளக்கை அணைச்சதும் கையைக் கீழே தொங்கப் போட்டேன். அந்தக் குடம் கையிலே தட்டுப்பட்டுது. அதையே தடவிக்கிட்டுப் படுத்திருந்தேன். விடிஞ்சதே தெரியலே."

பிறகு கட்டிலின் விளிம்பில் கையை ஊன்றி, சுவரைப் பிடிக்காமல் எழுந்து, எனக்குக் காப்பி போடுவதற்காக உள்ளே போனாள்.

1968ஆம் ஆண்டில் அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம் என்று தோன்றியது. கேட்பதற்கு அம்மாதான் இல்லை.